டொராண்டோவிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? (அவசரம்)

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். கனடாவுக்கு வந்து ஐந்து வாரங்களே ஆகின்றன. ஊரில் அப்பாவை நேற்றிரவு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். சென்னைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்? பார்த்து வைத்திருக்கும் பயணச்சீட்டில் திங்கள் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, புதன் அதிகாலை 4 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. 32 மணி நேரமா? கை நடுங்குகிறது.

ஸ்கார்பரோ வாசகர்:
தம்பி, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் இங்கு வந்த முதல் தை மாதத்தில் என் தாயாரும் இப்படித்தான் படுத்துவிட்டார். கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்த சீட்டை எடுத்துக்கொண்டு போய், லண்டனில் ஒன்பது மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். லண்டன் வழி வேண்டாம். துபாய் வழியே போங்கள்.

பிராம்ப்டன் வாசகர்:
மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. துபாய்க்கே ஏறத்தாழ 13 மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வேண்டும். லண்டன் என்றால் 7 மணி நேரத்தில் இறங்கிக் காலை நீட்டலாம்.

மார்க்கம் வாசகர்:
இத்தனை தமிழர்கள் வாழும் நகரத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. பள்ளி விடுமுறையில் கட்டணம் கேட்டால் வயிறு எரிகிறது.

மிசிசாகா வாசகர்:
கேட்டதற்கு வருவோம். நேர்க்கோட்டில் சுமார் 13,400 கிலோமீட்டர். லண்டன் வழியே ஏறத்தாழ 13,940, துபாய் வழியே 14,010. இந்த வேறுபாட்டுக்காக வாதிடத் தேவையில்லை. இரண்டிலும் பறக்கும் நேரம் 17 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், மிச்சமெல்லாம் காத்திருப்பு. சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் இந்தியா 10½ மணி நேரம் முன்னால் இருப்பதால், உங்கள் 32 மணி நேரம் உண்மையில் 21½ மணி நேரம்தான். அதில் காத்திருப்பு நாலரை மணி நேரம் என்பது நல்ல இணைப்பு. இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் இருக்கட்டும்; முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

நீங்கள் சொல்லாதவை இரண்டு: அப்பா எந்த ஊரில் இருக்கிறார்? பிஆர் அட்டை (கனடாவின் நிரந்தரவாசி அட்டை) கைக்கு வந்துவிட்டதா?

கேட்டவர்:
தஞ்சாவூர். அட்டை இன்னும் வரவில்லை. குடியேறியதற்கான தாள் மட்டும் இருக்கிறது.

மிசிசாகா வாசகர்:
அப்படியானால் திருச்சிக்கே சீட்டு பாருங்கள். அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். சென்னையில் இறங்கினால் சாலையில் இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துபாயிலிருந்து திருச்சிக்கு விமானம் உண்டு. போவதற்கு அட்டை தேவையில்லை. ஆனால் அந்தத் தாளை மட்டும் காட்டித் திரும்பி வர விமானத்தில் ஏற முடியாது. மருத்துவமனைக் கடிதத்தை வாட்சப்பில் வாங்கி, அட்டையை அவசரமாக வழங்க முடியுமா என்று கனடாவின் குடிவரவுத் துறையிடம் இன்றே கேளுங்கள். அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வராவிட்டால், நிரந்தரவாசிக்கான பயண ஆவணத்துக்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், திரும்பும் தேதியை மாற்றக்கூடிய சீட்டாக எடுங்கள்.