ஓடியதா, எறியுண்டதா: ஓர் உடுவுக்கான சொல்

அன்புடையீர்,

பிறந்த இடத்தை விட்டு மிகுந்த கதியில் விலகிச் செல்லும் உடுவை (விண்மீனை) ஆங்கிலத்தில் ‘runaway star’ என்பர். அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் களுவாஞ்சிக்குடி நண்பர் சென்ற மடலில் முன்மொழிந்த ‘ஓடுகாலி விண்மீன்’ என்னும் சொல்லை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். கடந்த மாசியில் உன்னிச்சைக் குளக்கட்டில் இரண்டு இரவுகள் நின்று எடுத்த படத்தின் கீழ் அச்சொல்லையே இட்டு வகுப்பில் காட்டினேன். தரம் 10 மாணவி ஒருத்தி, “யாரை விட்டு ஓடினது, சேர்?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் யார்மீது வீசப்படுகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கத் தவறியிருந்தேன். அவளுடைய கேள்வியோ அறிவியலிலும் சரியான கேள்வி.

படத்திலிருப்பது ஓரிகா என்னும் உடுக்கூட்டத்திலுள்ள ஐசி 405 என்னும் விண்முகில். ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள அதனை ஒளிரச் செய்யும் ஏஇ ஓரிகே என்னும் உடு, அந்த முகிலில் பிறந்ததன்று. ஏஇ ஓரிகேயும் மியூ கொலம்பே என்னும் இன்னோர் உடுவும் ஒரையன் பகுதியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில், செக்கனுக்கு நூறு கிலோமீற்றர் அளவான கதியில் விலகிச் செல்வதை வானியலாளர்களான அட்ரியான் பிளாவும் வில்லியம் மோர்கனும் 1954இல் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு இரட்டை உடுக்கள் நெருங்கியபோது ஈர்ப்பின் இழுபறியில் இவ்விரண்டும் வெளியே வீசப்பட்டன என்றும், எஞ்சிய இரண்டும் ஐயோட்டா ஒரையனிஸ் என்னும் நீள்வட்டச் சோடியாக அங்கேயே தங்கிவிட்டன என்றும் கருதப்படுகிறது. இவ்வகை உடுக்கள் தோன்ற வேறொரு வழியும் உண்டு என்பதைப் பிளாவு 1961இல் விளக்கினார்: இரட்டையில் ஒன்று வெடித்துத் தன் திணிவின் பெரும்பகுதியை இழந்ததும், அதைச் சுற்றிக்கொண்டிருந்த மற்றது கவண் கல்லைப் போல விடுபட்டுப் போகிறது. இரு வழிகளிலும் உடு தானாக ஓடவில்லை. ஆகவே ‘ஓடு’ என்னும் வினையை எழுவாய்க்குரியதாக வைக்கும் எந்தச் சொல்லும், ‘தப்பியோடும் உடு’ உட்பட, நடந்ததைத் திரித்துவிடுகிறது.

‘விரைவு உடு’ என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பால்வீதியின் ஈர்ப்பையே மீறிச் செல்லக்கூடிய, 2005இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, இன்னும் கதிமிக்க உடுக்களுக்கு ‘மீவேக உடு’ என்னும் சொல் வேண்டும். விரைவை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே குழப்பம் வரும். ‘இடம்பெயர்ந்த உடு’ என்று எழுதிய வாகரை நண்பரின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இடப்பெயர்ச்சி பௌதிகத்தில் ஏற்கெனவே வேறு பொருளுக்கு நிலைத்துவிட்டது.

நான் முதலில் விரும்பியது ‘எறியுடு’. எறிவேல் போலச் சுருக்கமானது, பன்மையிலும் தடையின்றி வரும். கல்முனையிலிருந்து ஐயா ஒருவர், அதைக் கேட்டவுடன் எறிகணைதான் தம் காதில் விழுகிறது என்று எழுதினார். அதற்கு நான் மறுமொழி சொல்ல விரும்பவில்லை. அவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே வினையை ‘உண்’ என்னும் துணைவினையோடு சேர்த்தால் பொருள் வேறு பக்கம் திரும்புகிறது. வெட்டுண்ட, கட்டுண்ட என்பவற்றில் போல, ‘எறியுண்ட’ என்பது எறிதலுக்கு ஆளானதையே சுட்டும், படைக்கலத்தை நினைவூட்டாது. மூன்று எழுத்துகள் கூடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

படத்தை எடுக்கும்போது இந்தப் பொருள் கண்முன்னே நிற்கிறது. மாரி மழை ஓயும் வரை எங்கள் வானில் ஓரிகாவைப் பார்ப்பது அரிது. மாசியில் இரவு 8 மணியளவில் அது வடக்கே 63 பாகை உயரத்தில் நிற்கும். துருவ உடு அடிவானிலிருந்து ஏறத்தாழ 8 பாகை உயரத்திலேயே இருப்பதால், வானின் சுழற்சியைத் தொடரும் கமராத் தாங்கியை அதற்கு நேராக்குவதற்கே முதல் இரவின் பெரும்பகுதி போயிற்று. மூன்று நிமிடப் படங்கள் எண்பதை அடுக்கிய பின்னரே இரு நிறங்களும் பிரிந்து தெரிந்தன. உடுவின் புறஊதாக் கதிர் அயனாக்கிய ஐதரசன், 656.3 நனோமீற்றரில் சிவப்பாக ஒளிர்கிறது. கமராவின் உணரிக்கு முன்னுள்ள, செவ்வொளியைத் தடுக்கும் வடியை மாற்றாவிட்டால் இந்தச் சிவப்பில் பெரும்பகுதி கிடைக்காது. உடுவுக்கு அருகிலுள்ள தூசு அதன் நீல ஒளியைச் சிதறடித்து நீலப் படலமாகத் தெரிகிறது. தான் பிறவாத முகிலை, கடந்துசெல்லும் வழியில், இரு நிறங்களில் ஒளிரச் செய்கிறது அந்த உடு.

உடு, விண்மீன் என்னும் இரண்டில் எதை இடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘எறியுண்ட விண்மீன்’ என்றே எழுதலாம். மாற்றுச் சொல் வராவிட்டால், படத்தின் கீழ் இவ்வாறு திருத்தி எழுதி அந்த மாணவியிடம் காட்டுவேன்: “ஐசி 405: எறியுண்ட உடுவொன்று ஒளியூட்டும் விண்முகில்.”