பிரிட்டோன் குளிசையையும் எழுத வேண்டுமா? விமானி மெடிக்கலுக்குப் போன அனுபவங்கள்

நோர்வூட்டான்
சின்ன வயதில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்கியதைப் பார்த்த அன்று பிடித்த பைத்தியம். போன மாதம், சம்பளத்துக்குப் பறக்கிற விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மெடிக்கலுக்குக் கொழும்பு போனேன். கண், காது, ஈசிஜி எல்லாவற்றுக்கும் தயார். மாட்டிவிட்டது போர்மில் இருந்த ஒரே ஒரு வரிதான்: தற்போது ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா, கடையில் சும்மா வாங்குவதும் சேர்த்து.

'இல்லை' என்று போட்டேன். பொய் சொல்ல நினைக்கவே இல்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் மருந்து என்றால் கிளினிக் கொப்பியில் ஏறியதுதான். காலைப் பனிக்குத் தும்மல் வந்தால் போடுகிற மஞ்சள் குளிசை கொத்தமல்லித் தண்ணி மாதிரி, அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

டொக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பாதி சிங்களம், பாதி தமிழில் கேட்டார்.
"தும்மல் வந்தா என்ன செய்வீங்க தம்பி?"
"பிரிட்டோன் ஒண்ணு போடுவேன் சேர்."
"கடைசியா எப்ப?"
"நேத்து ராத்திரி, பஸ்ஸில."
பேனையை மேசையில் வைத்துவிட்டு, போர்மை என் பக்கம் திருப்பித் தள்ளினார். காது சூடாகிவிட்டது.

திட்டவில்லை. அதில் இருக்கிற குளோர்பெனிரமின், தூக்கம் தெரியாவிட்டாலும் கைகால் வேகத்தைக் குறைக்குமாம். அமெரிக்க விமான அதிகாரசபையான எப்.ஏ.ஏ.யின் பட்டியலில் கடைசிக் குளிசைக்குப் பிறகு 5 நாள் பறக்கக்கூடாது, இன்னொரு ஒவ்வாமைக் குளிசையான செட்டிரிசினுக்கு 48 மணித்தியாலம். "குளிசையை விட, அதை எதுக்குப் போடுறீங்க என்கிறதுதான் எனக்கு முக்கியம்" என்றார். காது மூக்கு தொண்டை டொக்டரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார். ஒவ்வாமைதான், சைனஸ் இல்லை. லோரட்டடின் என்ற வேறு ஒவ்வாமைக் குளிசைக்கு மாற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று கொஞ்ச நாள் பார்த்த பிறகு சான்றிதழ் கிடைத்தது.

பண்டாரவளை அக்கா
என் தம்பி சொந்த ஆசைக்குப் பறக்கிறவன், இரண்டாம் வகுப்பு. 40 வயது வரை அந்தச் சான்றிதழ் 60 மாதம் ஓடும், தாண்டினால் 24 மாதம். 42 வயதில் புதுப்பிக்கப் போகும்போது அவனுக்குப் பிரஷர் தொடங்கி நாலு மாதம்.

கூடப் படித்தவன் ஒருவன் சொன்ன புத்தி: "ரெண்டு நாள் குளிசையை நிப்பாட்டிட்டுப் போ, ஒண்ணும் எழுதாதே." நல்ல புத்தி! நிறுத்தினால் கையில் பட்டியைக் கட்டியதும் பிரஷரே காட்டிக்கொடுக்குமே. சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐகாவோவின் இணைப்பு 1-இன்படி, பரிசோதிக்கிற டொக்டரிடம் பொய்த் தகவல் கொடுத்தால் அது லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரசபைக்குப் போகவேண்டும். பிரஷருக்கு மருந்து உண்டு, பொய்க்கு இல்லை.

அவன் உண்மையாகத்தான் எழுதப் போனான். ஆனால் மருந்தின் பெயர் தெரியாது! கிளினிக்கில் சின்னக் காகித உறையில் போட்டுத் தந்த வெள்ளைக் குளிசை, மேலே நீல மையில் கிறுக்கல். ஸ்டேசனுக்குப் போகும் வழியில் மழை பிடித்து, சட்டைப் பையில் இருந்த உறை ஊறி, டொக்டர் விரித்துப் பார்த்தபோது '50' மட்டும் மிச்சம். '50' என்ன, எப்போதிருந்து, காலையா ராவா? ஒன்றுக்கும் பதில் இல்லை. கொப்பி வீட்டு அலமாரியில். திரும்ப ஊருக்கு வந்து, கொப்பியைப் பார்த்து, லொசார்டன் என்று எழுதி, மூன்று வார அளவீடுகளோடு மறுபடி போனான். இரண்டு ரயில் டிக்கெட் காசு வீண். குளிசையால் தடை ஒன்றும் வரவில்லை.

மஸ்கெலியா
எனக்கு இன்ஹேலர். தேயிலைத் தூசுக்குப் பத்து வயதில் பாவித்தது, பிறகு தொடவே இல்லை. அம்மா "அதைச் சொல்லாதடா" என்றார், சொன்னேன். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள், சரி என்றார்கள், முடிந்தது.

ராகலைக்காரன்
தடிமனோடு நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் பஸ்ஸில் இறங்கியவர்களுக்குத் தெரியும், கொத்மலை வரும்போது காது அடைத்துக் கொல்லும். விமானம் அதைவிட வேகமாக இறங்கும். அதனால் மருந்தைப் போல அந்தத் தடிமனும் சிக்கல்தான். சரி, எனக்கு ஒரு சந்தேகம்: சமஹன் மூலிகைப் பானத் தூளையும் எழுத வேண்டுமா? நாட்டு வைத்தியர் தருகிற கறுப்பு உருண்டை?

நோர்வூட்டான்
சமஹனைச் சொன்னேன், சிரித்தார், எழுதிக்கொண்டார். கறுப்பு உருண்டையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார். வைத்தியர் தாத்தாவிடம் போய்க் கேட்டேன். "வேருடா" என்றார். என்ன வேர் என்று கேட்டால் கோபம் வருகிறது. நான் அதை நிறுத்திவிட்டேன்.