கஜா: சாய்ந்த மரங்களும் சாயாத மரங்களும்

கஜா புயலில் மாட்டியவர்கள் பலரும் அந்த இரவின் காற்றைத்தான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் காற்று ஓய்ந்த பிறகும் எங்கள் தோப்பில் நிமிர்ந்து நின்றிருந்த மரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் இருக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் ஒழுங்காக வந்து சேராத ஆண்டுகள் கூடிக்கொண்டே போனதால் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்கள் குடும்பமும் அப்படித்தான். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தேங்காய் வெட்டு, கையில் பணம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வைத்தியம் எல்லாம் அந்த வெட்டை நம்பித்தான்.

2018 நவம்பர் 15 அன்று, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே நாகப்பட்டினம் அருகே புயல் கரையைக் கடக்கும் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புயல் என்றால் அது கடலோர ஊர்களோடு போய்விடும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் பலருக்கும் இருந்தது. 1952, 1955 புயல்களைக் கண்ட பெரியவர்கள் மட்டும் வேறு மாதிரி பேசினார்கள். எங்கள் அப்பத்தா பொழுது சாய்வதற்கு முன்பே மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். "கட்டிக் கிடக்கிற மாடு சுவர் விழுந்தால் செத்துப்போகும். அவிழ்த்துவிட்டால் அது இடம் பார்த்துக்கொள்ளும்" என்றார். எங்கள் மாடுகள் பிழைத்தது அந்த ஒரு சொல்லால்தான்.

நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், விடிவதற்குள் எங்களையும் கடந்துபோனது. எங்களுடையது ஓட்டு வீடு. அதனால் தெருவில் பாதிப் பேர் சித்தப்பாவின் தளம் போட்ட வீட்டில் அடைந்திருந்தோம். முதலில் காற்று வடமேற்கிலிருந்து வந்தது. கதவு உள்பக்கமாக வளைந்தது. நெல் மூட்டைகளை அண்டக்கொடுத்து, அதன்மேல் ஆண்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டோம். வெளியே மரம் முறிகிற சத்தத்தைக் காற்றின் இரைச்சல் விழுங்கிவிட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் தரை அதிர்வதுதான் உள்ளங்காலில் தெரிந்தது. அதை எண்ணத் தொடங்கிய என் தம்பி கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டு அழுதான்.

நடுவில் காற்று சட்டென்று அடங்கியது. வீடு என்னவாயிற்று, மாடு என்னவாயிற்று என்று பார்க்கச் சிலர் எழுந்தார்கள். "உட்காருடா, இன்னும் தென்காற்று இருக்கிறது" என்று சித்தப்பா அதட்டினார். புயலின் கண் கடக்கும்போது வருகிற அமைதி அது என்பதும், கண் கடந்த பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும் என்பதும் அவருக்கு அவர் அப்பா சொல்லித் தெரிந்த செய்தி. அவர் சொன்னபடியே தெற்கிலிருந்து வந்தது. முதல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் இளகியிருந்த மரங்களை இரண்டாவது காற்று மறுபக்கமாக இழுத்துப் போட்டது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்கள்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழையில் ஊறிய மண் அவற்றைச் சுலபமாக விட்டுவிட்டது.

விடிந்ததும் வாசலில் நின்றேன். பக்கத்து ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நின்று ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. நடுவிலிருந்த தோப்புகள் மொத்தமாகத் தரையில் கிடந்தன. வரப்போரத்துப் பனைமரங்கள் மட்டும் ஆங்காங்கே அப்படியே நின்றன.

அதற்கடுத்த நாள்களை விரிவாகச் சொல்ல இங்கே பலர் இருப்பீர்கள். சாலையில் கிடந்த மரங்களை ஊர்ப் பையன்கள் அரிவாளாலும் கோடரியாலும் வெட்டித்தான் வெளி உலகுக்கு வழி உண்டாக்கினார்கள். பொக்லைன் வந்தது பிறகுதான். செல்போன் கோபுரங்கள் செயலிழந்ததால், சிங்கப்பூரில் இருந்த அண்ணனுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அது வருகிற நேரத்துக்குக் குடத்தோடு காத்திருப்பதுதான் பெண்களின் பகல்பொழுதாக இருந்தது. அந்த ஆண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 23. ஊரே இருட்டில் கிடக்கும்போது விளக்கு வைப்பதா என்று சிலர் தயங்கினார்கள். கூரையில்லாத வீட்டிலும் அப்பத்தா அகல் ஏற்றினார்.

மின்வாரியத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நன்றிகெட்டதனம். காவிரி டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். வண்டி இறங்க முடியாத வயலில் முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனதை நான் பார்த்தேன். அவர்கள் கிளம்பிய அன்று எங்கள் தெருப் பெண்கள் ஆரத்தி எடுத்து அனுப்பினார்கள்.

இனி மரங்களுக்கு வருகிறேன்.

எங்கள் தோப்பில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று மரம் சாயாமல் நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் "உனக்காவது இவ்வளவு மிஞ்சியதே" என்றார்கள். அரசு, விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் கிடந்த மரங்களை எண்ணி எழுதிக்கொண்டு போனார்கள். நின்ற மரங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேர் பிடுங்கப்படாத மரம் அவர்கள் கணக்கில் பிழைத்த மரம்.

தை மாத வாக்கில் ஒரு மரத்தின் நடுக்குருத்து வெளிறித் தெரிந்தது. எங்களுக்கு வழக்கமாக மரமேறுகிற அண்ணனை ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு விரலால் குருத்தைப் பிடித்து இழுத்தார். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. கீழே போட்டார். அடிப்பாகம் பழுப்பாகி, கூழாகி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் நாற்றம் அடித்தது. காற்று மரத்தின் உச்சிக் கொண்டையைத் திருகியதில் உள்ளுக்குள் குருத்து அறுபட்டிருக்கிறது. அந்தக் காயத்தில் மழைநீர் தங்கி அழுகல் பிடித்துவிட்டது. தென்னைக்கு உயிர் அந்த ஒரே குருத்தில்தான். வேம்பு, பூவரசு போலக் கிளைத்துக்கொள்ள அதற்கு வேறு இடமில்லை. அந்த அண்ணன் மேலேயே உட்கார்ந்து மற்ற மரங்களின் கொண்டைகளைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கியதும் என் முகத்தைப் பார்க்காமல், "நாலுக்கு ஒன்று தேறினால் பெரிது தம்பி" என்றார்.

அடுத்த அடி வண்டு. விழுந்த மரத்தை வாங்க ஆளில்லை. செங்கல் சூளைக்காரர்கள் கேட்ட விலை, வெட்டுக்கூலிக்கே போதாது. அதனால் பல தோப்புகளில் மரங்கள் கிடந்த இடத்திலேயே மக்கின. மக்கிய தென்னை காண்டாமிருக வண்டு முட்டையிடத் தோதான இடம். அங்கே பெருகிய வண்டு, நின்ற மரத்தின் குருத்தைக் குடைந்தது. வண்டு குடைந்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு நுழைந்தது. மிஞ்சியவையும் இப்படி ஒவ்வொன்றாகப் போயின. அவற்றுக்கு ஒரு பைசா இழப்பீடு இல்லை. மனு கொடுத்தபோது கிடைத்த பதில், கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்பதுதான். ஒரு தென்னை புயலில் சாவதற்கு ஆறு மாதம்கூட ஆகும். இது மரம் வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். கணக்கெடுப்பை மட்டும் ஏன் சில வாரங்களில் மூட வேண்டும்? உதவித்தொகை போதவில்லை என்பதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

இன்னொரு கூட்டத்தை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. மரமேறுகிறவர்கள், தேங்காய் மட்டை உரிக்கிறவர்கள், கீற்று முடைகிற பெண்கள், கயிறு ஆலையில் வேலை பார்த்தவர்கள். தோப்பு வைத்திருந்தவனுக்கு மரக்கணக்கில் ஏதோ வந்தது. ஒரு மரமும் சொந்தமில்லாமல் எல்லா மரத்தையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு எந்தப் பட்டியலில் இடம்? எங்களுக்கு ஏறிக்கொண்டிருந்த அந்த அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது வெட்டுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

இனி ஒரு புயல் வந்தால் தோப்பு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிற்கிற மரங்கள் அத்தனையிலும் முதல் வாரத்திலேயே ஆளை ஏற்றிக் குருத்தைப் பாருங்கள். முறிந்து தொங்கும் மட்டைகளைக் கழித்துக் கொண்டையைச் சுத்தம் செய்து, அழுகலைத் தடுக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலோ போர்டோ கலவையோ ஊற்றுங்கள். குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து வைப்பது வண்டைத் தடுக்கும். நாப்தலின் உருண்டையும் வைக்கலாம். விழுந்த மரத்தை விலை போகாவிட்டாலும் தோப்பில் போட்டு வைக்காதீர்கள். கொண்டை திருகிய மரங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வருகிறவரை நிறுத்தி, அந்த மரங்களைக் காட்டி, தாளில் எழுத வையுங்கள்.

வேதாரண்யம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களும், வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாக்காரர்களும் இங்கே இருந்தால் உங்கள் ஊரில் நின்ற மரங்கள் பிறகு என்னவாயின என்று எழுதுங்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு பட்டுப்போன மரங்களுக்கு யாருக்காவது உதவித்தொகை கிடைத்திருந்தால், எந்த அலுவலகத்தில் எப்படி மனு கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.