கே-உறுதிநிலைக் கணக்கில கால் தடக்கிற இடங்கள்: வன்னிக் கணிதக்காரரின் அனுபவப் பகிர்வு

மல்லாவியிலிருந்து:
ஃபானோ மேற்பரப்பு (எதிர்க் கனோனிக்கல் வகுப்பு நேரான மேற்பரப்பு) கே-உறுதியா எண்டு பாக்கிறது, அதில கேலர்–ஐன்ஸ்டைன் மெட்ரிக் (ரிச்சி வளைவு எங்கும் மெட்ரிக்கோட ஒரே விகிதத்தில இருக்கிற அளவு) உண்டா எண்டு பாக்கிறதுதான். புறொஜெக்டிவ் தளத்தை ஒரு புள்ளியில ப்ளோ-அப் செய்தால் (புள்ளியை எடுத்து அந்த இடத்தில ஒரு வளைவை வைச்சால்) அந்த மெட்ரிக் இல்லை. ஆட்டோமார்பிசம் குழு ரிடக்டிவ் (ஒரு இறுக்கமான குழுவின்ர சிக்கலெண் வடிவம்) இல்லை எண்டு மாட்சுஷிமாவின்ர 1957 முடிவைக் காட்டி முடிச்சுப்போடலாம். ஆனால் எவ்வளவு விலகுது எண்டு அதில தெரியாது. டோரிக் ஃபானோவுக்கு (ஒரு பல்கோணியாலயே விவரிக்கக்கூடிய வகைக்கு) வாங்–ஜூ 2004இல தந்த சோதனை கொப்பியிலேயே முடியும்: பல்கோணியின்ர திணிவுமையம் உற்பத்தியில, அதாவது (0,0)இல, இருந்தால் மட்டும் மெட்ரிக் உண்டு.

புறொஜெக்டிவ் தளத்துக்கான முக்கோணியின்ர உச்சிகள் (−1,−1), (2,−1), (−1,2). பரப்பளவு 9/2, மையம் உற்பத்தி. ஒரு புள்ளியில ப்ளோ-அப் செய்யிறது (−1,−1) மூலையை வெட்டுறது மாதிரி. வெட்டுற மூலைத்துண்டு 1/2, அதின்ர மையம் (−2/3,−2/3). ஏ.எல். இணைந்த கணிதத்தில துண்டைக் கழிக்கிற அதே முறைதான்: மிச்சம் 4, மையம் (1/12, 1/12). பிள்ளையளின்ர கொப்பியில அடிக்கடி காணுற பிழை, நாலு உச்சிகளின்ர சராசரியை எடுக்கிறது. அது இங்க அச்சொட்டா (0,0) தரும்! "மெட்ரிக் இருக்கு" எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம்.

நெடுங்கேணியிலிருந்து:
மல்லாவி அண்ணை சொன்னதை ஃபுஜிடா–லி முறையால சரிபார்க்கலாம்: பீட்டா = ஏ − எஸ். ஏ எண்டது லொக் வேறுபாடு (log discrepancy), மேற்பரப்பில கிடக்கிற வளைவுக்கு 1. எஸ் எண்டது, வளைவை த மடங்கு கழிக்க மிஞ்சுற கனவளவின்ர தொகையீட்டை மொத்தக் கனவளவால பிரிச்சது. ஏதாவது ஒரு வளைவுக்குப் பீட்டா மறையா வந்தால் மெட்ரிக் இல்லை. ப்ளோ-அப் வளைவுக்கு ஏ 1. எதிர்க் கனோனிக்கல் வகுப்பில (இங்க 3 கோடு கழித்தல் ப்ளோ-அப் வளைவு) அதை த மடங்கு கழிக்க, கனவளவு 9 − (1+த)², த 0 முதல் 2 வரை. தொகையீடு 28/3, மொத்தக் கனவளவு 8ஆல பிரிக்க எஸ் 7/6, பீட்டா −1/6. அண்ணையின்ர ரெண்டு 1/12உம் கூட்டி, குறி மாறி வருது.

ரெண்டு புள்ளியில ப்ளோ-அப் செய்யேக்கதான் வில்லங்கம். ரெண்டையும் இணைக்கிற கோட்டை எடுங்கோ. த 1 வரை கனவளவு 7 − 2த − த², தொகையீடு 17/3. இதோட நிப்பாட்டி 7ஆல பிரிச்சால் பீட்டா +4/21. நெஃப் எல்லை (எந்த வளைவோடயும் வெட்டெண் மறையாகாத எல்லை) முடிஞ்சாலும் கனவளவு முடியேல்லை: சரிஸ்கிப் பிரிப்பில (நெஃப் பகுதியையும் மிச்சத்தையும் பிரிக்கிறதில) ரெண்டு ப்ளோ-அப் வளைவும் கழண்டுபோக, 1 முதல் 3 வரை (3−த)², இன்னும் 8/3. கூட்டினால் 25/3, பீட்டா −4/21. எண் அதேதான், குறி மட்டும் புரளுது. திருத்துற ஆளும் கவனியாமல் விட்டிடுவார்.

மாங்குளத்திலிருந்து:
அதே மேற்பரப்பில, ஒரு புள்ளியால மட்டும் போற கோட்டுக்குப் பீட்டா +2/21. ஒரு நேர்ப்பெறுமானத்தைக் கண்டு உறுதி எண்டு எழுதேலாது. கவிழ்க்க மறைப்பெறுமானம் ஒண்டே காணும். ஒரே கோட்டில இல்லாத 3 புள்ளி எண்டால் சமச்சீரான அறுகோணி, மையம் உற்பத்தியில. பொதுநிலையில 4 முதல் 8 புள்ளி வரைக்கும் மெட்ரிக் இருக்கெண்டு கணிதர் தியான் (Gang Tian) 1990இல காட்டினவர். அங்க மேற்பரப்பு டோரிக் இல்லை, பல்கோணி உதவாது.