லெ குவினின் அந்த கேசட் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் எர்த்சீ மாயாஜாலக் கதை வரிசையைப் படித்து முடித்துவிட்டு, அதிகம் பேசப்படாத அவருடைய புத்தகங்களைச் சேர்த்துவருகிறேன். 1985இல் அவருடைய 'ஆல்வேஸ் கமிங் ஹோம்' நாவல் பெட்டியில், ஒரு கேசட்டோடு வந்தது. கேஷ் என்ற கற்பனை மக்களின் பாடல்கள் அதில் இருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த பெட்டியில் கேசட் இல்லை. புத்தகத்தில் உள்ள கேஷ் மொழிச் சொற்பட்டியலில் மட்டும் யாரோ பென்சிலால் ஆசையாக அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பாடல்களைக் கேட்டே ஆகவேண்டும் என்றிருக்கிறது. கேசட் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், நல்ல விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், ஒர்சினியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிய அவருடைய கதைகள் 1976இலும், அதே நாட்டைப் பற்றிய 'மலஃப்ரீனா' நாவல் 1979இலும் வந்தன. நாவல் 1820களில் நடக்கிறது, கதைகளோ பல நூற்றாண்டுகளைத் தொடுகின்றன. படித்தவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்கலாம்?