வாலிபாலில் என் கையில் டச் பட்டது, நான் சொல்லவில்லை. லீக்கில் உங்கள் மனதை விட்டுப் போகாத பந்து எது?

தேரிக்காடு:
போன சீசன் கடைசி ஆட்டம். எட்டு அணி, ஏழு வாரம், கடைசி இரண்டு அணி பி பிரிவுக்கு இறங்கும். எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும் அதுவரை ஆளுக்கு இரண்டு வெற்றி. ஜெயிக்கிறவன் தங்குவான், தோற்றவன் இறங்குவான். நேராக அஞ்சாவது செட்டுக்கு வருகிறேன். 14-13, நாங்கள் முன்னால். ஆனி மாதக் காற்று, செம்மண் கண்ணில் அடிக்கிறது. அவர்கள் செட்டர் நாலாம் நம்பருக்கு, அதாவது அவர்கள் இடது முன் மூலையில் நின்ற பையனுக்கு, உயர்த்திப் போட்டான். காற்று பந்தை வலையிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளியது. அப்படியும் அந்தப் பையன் லைனைப் பார்த்து ஓங்கி அடித்தான். அவனுக்கு நேர் எதிரே, எங்கள் வலது முன் மூலையான இரண்டாம் நம்பரில், வலைக்கு மேலே கையை உயர்த்தி நான் பிளாக். பந்து என் வலது கைச் சுண்டு விரல் நுனியை உரசிக்கொண்டு போய் எண்ட் லைனுக்கு வெளியே விழுந்தது. சத்தம்கூட இல்லை, தோல் மட்டும் சுரீர் என்றது. பிளாக்கில் டச் பட்டு வெளியே போனால் பாயின்ட் அடித்தவனுக்கு. அம்பயருக்கு டச் தெரியவில்லை, அவுட் காட்டினார். 15-13.

எங்கள் பையன்கள் மேலே விழுந்து கட்டிக்கொண்டார்கள். அடித்தவன் அம்பயரிடம் போகவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பார்த்தான். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்று சிரித்தான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று உண்டா?

மேட்டுக்கோர்ட்:
நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதே இல்லை. விசில் அம்பயர் கையில் இருக்கிறது, ஆடுகிறவன் ஆட வேண்டும், அவ்வளவுதான். டச்சை வீரன் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த ரூலும் கிடையாது. எனக்கு நடந்ததைக் கேளுங்கள். லீக்கில் நாலாவது ஆட்டம், எதிரணி அடித்த பந்து எங்கள் பிளாக்கில் பட்டு உள்ளே இறங்கியது. லிபரோ (பின்னால் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இருக்கிற ஆள்) விழுந்து எடுத்தான், செட்டர் போட்டான், நான் அடித்தேன், பந்து உள்ளே. விசில்! நாலு டச்சாம், ஒரு அணி மூன்று தடவைக்கு மேல் தொடக் கூடாதே. பிளாக்கில் பட்டது மூன்றில் சேராது என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். கேப்டன் போய்க் கேட்டான், மாற்றவில்லை. அந்த செட் 26-24 என்று போயிற்று. இன்றைக்கும் அந்த விசில் சத்தம் காதில் கேட்கிறது. அன்றைக்கு எதிரணியில் ஒருவன்கூட "சார், அது பிளாக்" என்று சொல்லவில்லையே. அப்புறம் நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

கொடி பிடித்தவன்:
மேலே எழுதியவர் ரூல் இல்லை என்கிறார், இருக்கிறது. சர்வதேச விதிப் புத்தகத்தில் வீரர் நடத்தை பற்றிய பகுதியிலேயே, தன் அணி செய்த தவறை மறைக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறது. சும்மா நின்றால் அது மறைப்பதா என்று வாதாடலாம். விரலை மடக்குவது மறைப்பதுதான். தேரிக்காடு அண்ணனுக்கே அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறார்.

நான் வீரனாகச் செய்யவில்லை, லைன் அம்பயராகச் செய்தேன். அப்போது 17 வயது. இறுதி ஆட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று என்னை மூலையில் நிறுத்திக் கொடியைக் கொடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் டிராக்டர் டிரெய்லர் முழுக்க எங்கள் ஊர்ச் சனம். எதிரணி அடித்த பந்து எங்கள் சென்டர் பிளாக்கரின் முழங்கைக்குக் கீழே பட்டதை நான் பார்த்தேன். பந்து என் காலடியில், கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது. அவுட் என்றால் கொடியை நேராக உயர்த்த வேண்டும். டச் என்றால் உயர்த்திய கொடியின் நுனியை மறு கையால் தொட வேண்டும். நான் உயர்த்த மட்டும் செய்தேன். மறு கை தொடையை விட்டு எழவில்லை. அம்பயர் என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பாயின்ட் கொடுத்தார். டிரெய்லரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் இன்னும் முதுகில் இருக்கிறது.

வளைந்த விரல்:
சுண்டு விரல் என்றதும் எழுத வந்தேன். லீக் முதல் வாரமே பிளாக் போடும்போது பந்து நேராக மோதிர விரல் நுனியில் குத்தியது. ஊரில் ஒருவர் சொடுக்கு எடுக்கிறேன் என்று பிடித்து இழுத்தார். இன்றுவரை நுனி நிமிரவில்லை. என் கதை அவ்வளவுதான், ஆனால் இதைத் தயவுசெய்து எல்லாரும் படியுங்கள். விரல் நுனியில் பந்து குத்தினால் யாரையும் இழுக்க விடாதீர்கள். சூடாக எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். துணியில் ஐஸைச் சுற்றி வையுங்கள். நுனி தானாக நிமிரவில்லை என்றால் தசைநார் அறுந்திருக்கும், அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். அசையாதபடி பட்டை வைத்துக் கட்டி விரலை ஆறு முதல் எட்டு வாரம் நேராகவே வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போதுகூட மடங்க விடக் கூடாது, ஒரு தடவை மடங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். பிளாக்குக்குப் போகும்போது விரலை நன்றாக விரித்து விறைப்பாக வையுங்கள். ஓரக் கோட்டுப் பக்கம் இருக்கிற கையின் உள்ளங்கையைக் கோர்ட்டுக்குள் பார்க்கத் திருப்புங்கள். அப்படித் திருப்பினால் பந்து சுண்டு விரலில் உரசி வெளியே போகாது, உள்ளங்கையில் பட்டு அவர்கள் பக்கமே விழும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து டேப் போடலாம். நகம் வெளுத்தால் டேப் இறுக்கம் என்று அர்த்தம்.

வடக்கு வளவு:
நான் யாழ்ப்பாணம். இலங்கை 1991இல் இதைத் தேசிய விளையாட்டாக அறிவிக்க முந்தியே எங்கட வளவுகளில் நெற் கட்டியிருந்தது. கரப்பந்தாட்டம் எண்டால் ஊருக்கே விசர். ஒரு லீக் அரையிறுதி. நாங்கள் 2-1 முன்னுக்கு, நாலாவது செற் 24-23. நான் அடிச்ச பந்து வெளியே. நடுவர் அவுட் குடுத்திட்டார், 24-24. எதிர் ரீமின்ர நடு பிளொக்கர் நடுவரைப் பார்த்து ஒரு கை விரல்களை நிமிர்த்தி, மற்றக் கையால அதை மெல்லத் தடவிக் காட்டினான். நடுவர் டச்சுக்குக் காட்டுற அதே சைகை. 25-23, நாங்கள் இறுதியாட்டத்துக்கு. அவங்கட கோச் தண்ணிப் போத்தலை நிலத்தில அடிச்சார்.

நாங்கள் கூத்தாடிக்கொண்டு வெளியே போனம். ஒருத்தரும் அவனிட்டப் போகேல்ல. நானும் போகேல்ல. அவன் தனிய நெற்றைக் கழட்ட உதவி செய்துகொண்டு நிண்டவன்.

கொடி பிடித்தவன்:
இதைத்தான் சொல்ல வந்தேன். விஎன்எல் (நாடுகளுக்கு இடையே நடக்கும் வாலிபால் லீக்) மாதிரிப் பெரிய போட்டிகளில் இதற்காகவே பச்சை அட்டை வைத்திருக்கிறார்கள். வீடியோ பார்க்கும் முன் தானாக டச்சை ஒப்புக்கொள்கிற வீரனுக்கு அம்பயர் அதை எடுத்துக் காட்டுகிறார்.

மேட்டுக்கோர்ட்:
அங்கே பின்னால் வீடியோ இருக்கிறது தம்பி. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடுவான். நம் கோர்ட்டில் நாலு டியூப் லைட்டும் ஒரு விசிலும்தான். யாழ்ப்பாணத்துப் பையன் செய்தது அதைவிடப் பெரிசு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூல் வேறு, மனசு வேறு. வெளியிலிருந்து கெஸ்ட் பிளேயர் கொண்டுவந்து இறக்கி ஜெயிக்கிறவனை ஒருவரும் கேட்பதில்லை, சுண்டு விரலுக்கு இத்தனை விசாரணையா என்பதுதான் என் ஆதங்கம்.

தேரிக்காடு:
எல்லாரும் எழுதியதைப் படித்தேன். வளைந்த விரல் அண்ணே, என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் உள்ளங்கையைத் திருப்பச் சொன்னது சரி. நான் திருப்பியிருந்தால் அந்தப் பந்து அவர்கள் பக்கமே விழுந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் அவர்கள் ஊர் கிரவுண்டுக்குப் போனேன். பையன் கோடு போட்டுக்கொண்டிருந்தான், கை முழுக்கச் சுண்ணாம்பு. "டச் பட்டது தம்பி" என்றேன். "தெரியும் அண்ணாச்சி" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நூலின் மறு நுனியை என்னிடம் கொடுத்து, "இழுத்துப் பிடியுங்க" என்றான். எண்ட் லைன் முழுக்கப் போட்டு முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.