மறு: சென்டென்ஸ் கரெக்‌ஷனுக்குத் தமிழ்ப் பேர் – 'வாக்கியத் திருத்தம்' வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்.

ஆங்கிலப் பரீட்சைங்கள்ல ஒரு வாக்கியத்த எப்படி எழுதுனா சரின்னு கேக்கிற 'சென்டென்ஸ் கரெக்‌ஷன்' கேள்விக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பினாங்கு ஐயா போட்ட மடலையும் அதுக்குக் கீழ வந்த பதில்களையும் இப்பதான் ஒரே மூச்சுல படிச்சேன். 'வாக்கியத் திருத்தம்'னே வச்சுக்கலாம், எல்லாருக்கும் புரியுது, எதுக்கு இழுக்கணும்னு பாதிப் பேர் சொல்லியாச்சு. எனக்கு உடன்பாடு இல்லைங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல சனி ஞாயிறு டியூஷன்ல இந்தக் கேள்விங்களத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அந்தப் பேரே பிள்ளைங்கள தப்பான பக்கம் இழுத்துட்டுப் போறத வாராவாரம் பாக்கிறேன்.

திருத்தம்னு காதுல விழுந்ததுமே பிள்ளை திருத்த ஆரம்பிச்சிடுது. தமிழ்ப்பள்ளியில பிழை திருத்தம் செஞ்சு பழகுன கை. வாக்கியத்துல கட்டாயம் தப்பு இருக்குன்னு முடிவு பண்ணிட்டு, மனசுக்குள்ள தானே ஒரு வாக்கியம் எழுதி, அது அஞ்சு விடையில எங்க இருக்குன்னு தேடிட்டு உக்காந்திருக்கு, நேரம் ஓடிடுது. கேள்வி அப்படிக் கேக்கவே இல்லையே. மேனேஜ்மென்ட் படிப்புக்குச் சேர எழுதுற ஜிமேட் பரீட்சையில, அதோட பழைய வடிவத்துல, அடிக்கோடு போட்ட ஒரு பகுதி, அதுக்கு அஞ்சு விடை, அதுல முதல் விடை 'ஏ' எப்பவுமே மேல இருக்கிறத அப்படியே திருப்பிப் போட்டதுதான். ஒண்ணும் மாத்த வேணாம்கிறதும் ஒரு விடைங்க. அமெரிக்கக் காலேஜ்ல சேர எழுதுற ஏசிடி பரீட்சையில அதையே 'நோ சேஞ்ச்'னு வெளிப்படையா போட்டிருப்பாங்க. மாத்தாம விட்டுட்டா நாம ஒண்ணுமே செய்யலையோன்னு பயந்தே எத்தனை பிள்ளைங்க 'ஏ'வத் தாண்டிப் போயிடுதுங்க தெரியுமா?

ஜிமேட்லதான் இந்தப் பகுதியவே எடுத்துட்டாங்களே, இனிமே பேர் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. உண்மைதான், 2023 நவம்பர்ல ஃபோக்கஸ் எடிஷன் வந்தப்ப அது இல்லாமதான் வந்துச்சு, 2024 ஜனவரியோட பழைய பரீட்சையும் முடிஞ்சிருச்சு. ஆனா கேள்வி செத்துப் போகல, வேற வேற உருவத்துல நிக்குது. ஏசிடி மாதிரியே காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடியப் பாருங்க, இப்போ கம்ப்யூட்டர்லதான் எழுதுறாங்க, அங்க அடிக்கோடு கிடையாது, வாக்கியத்துக்குள்ள ஒரு காலி இடம், நாலு விடை, எதப் போட்டா இலக்கணத்துக்கு ஒத்து வருதோ அதத் தேர்ந்தெடுக்கணும். திருத்துறதுக்கு முழு வாக்கியமே இல்லாத இடத்துல அத எப்படிங்க வாக்கியத் திருத்தம்னு சொல்றது? ஆங்கிலம் எவ்வளவு தெரியும்னு பாக்கிற டோஃபல் ஐடிபி பரீட்சை இன்னொரு மாதிரி. ரெண்டாம் பகுதியில 25 நிமிஷத்துல 40 கேள்வி, அதுல 25 கேள்வியில வாக்கியத்துல நாலு இடத்துல கோடு போட்டு இதுல தப்பு எதுன்னு மட்டும்தான் கேப்பாங்க. கண்டுபிடிச்சா போதும், சரி பண்ண வேண்டியதில்ல.

அதனால எனக்கு ஒரு பேர் பத்தாது, ரெண்டு வேணும். வழுன்னா இலக்கணத் தப்பு, வழாநிலைன்னா தப்பில்லாம இருக்கிறது. தப்பத் தொட்டுக் காட்டுறது வழுத்தெரிவு. தப்பில்லாததத் தொட்டுக் காட்டுறது வழாநிலைத் தெரிவு. டோஃபல் ஐடிபியோட அந்த 25 கேள்வி முதல் வகை, ஜிமேட், எஸ்ஏடி, ஏசிடி எல்லாம் ரெண்டாவது வகை. நாளைக்குக் கோட்ட எடுத்துட்டு வேற என்னத்தப் போட்டாலும் இந்தப் பேர் நிக்கும்.

'வழு' பழைய சொல், பிள்ளைங்களுக்குப் புரியாதுன்னு வரும்னு தெரியும். சாஃப்ட்வேர் தமிழாக்கம் பண்றவங்க 'பக்'குக்கு வழுன்னுதானே ரொம்ப நாளா எழுதுறாங்க, அந்தச் சொல் இப்பவும் உயிரோடதான் இருக்கு. அத விட முக்கியம், அது ஒத்தையா வராது, குடும்பத்தோட வரும். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபுன்னு ஏழு வழு சொல்லுது. ஆங்கிலத்துல எழுவாய் ஒருமையா இருந்து வினை பன்மையா வந்தா அது பால் வழு, ஏன்னா நம்ம பால்லயே ஒருமை பன்மை அடங்கிடுது. 'த லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர்'னு வர்றது அதுதான். டென்ஸ் குழப்பம் கால வழு. 'கன்சிடர்' பின்னாடி 'ஆஸ்' போட்டா ஜிமேட்காரங்க தப்புன்னாங்களே, ஏன்னு கேட்டா ஒரு விதியும் சொல்ல முடியாது, அது மரபு வழு. குயில் கூவும், கத்தாதுன்னு நாம சொல்றதுக்கு என்ன விதி இருக்கு, அப்படித்தான்.

இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது: வழுவமைதி. பசுவப் பாத்து ஆசையா 'என் அம்மை வந்தாள்'னு சொன்னா திணை மாறிடுது, ஆனா உவப்புனால சொன்னதால ஏத்துக்கலாம்கிறாங்க. வழு மாதிரி தெரியும், ஆனா ஒத்துக்கிட்டது. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்' அப்படியே இதுல உக்காருது. முன்னாடி 'எ' நிக்குது, வினை பன்மை, ஆனா சரி. அதே இடத்துல 'த நம்பர் ஆஃப்'னு வந்தா 'இஸ்' வரணும். பிள்ளைங்க தடுக்கி விழுற இடத்துல பாதி இந்த மாதிரிதான், அதுக்கு நம்மகிட்ட ரெடியா பேர் இருக்கு.

அடுத்து 'டேங்லிங் மாடிஃபையர்', அதாவது யாரப் பத்திச் சொல்லுதோ அந்த ஆள் வாக்கியத்துல இல்லாம நிக்கிற அடைமொழி. அதுக்கு இந்த மடல்லயே ஒரு தங்கச்சி 'தொங்கும் அடை'ன்னு எழுதியிருந்தாங்க. எதுல தொங்குது, தொங்குனா என்ன கெட்டுப் போச்சுன்னு அந்தப் பேர் சொல்லவே இல்லையேம்மா. 'வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸோக்ட் மை பேக்'. ஸ்டேஷனுக்கு நடந்தது யாரு, மழையா? கமாவுக்குப் பின்னாடி வர்ற ஆள்தான் முன்னாடி இருக்கிற வேலையச் செஞ்சிருக்கணும், அதுதான் விதி. இது நமக்குப் புதுசே இல்ல. செய்து-ங்கிற வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலோட, அதாவது அந்த வேலையச் செய்றவரோட, வினையக் கொண்டுதான் முடியணும்னு தொல்காப்பியம் வினையியல்லயே இருக்கு. ஆனா 'ஞாயிறு பட்டு வந்தான்'னு ஒண்ணு வந்தா, பட்டது ஞாயிறு, வந்தது அவன், அதத் தள்ளிடாம 'பட'ன்னு பொருள் வச்சுக்கோன்னு உரைகாரங்க எச்சத்திரிபுன்னு பேர் போட்டு ஏத்துக்கிட்டாங்க. பேச்சுலயும் 'மழை பேஞ்சு ரோடெல்லாம் வெள்ளம்'னு சாதாரணமா சொல்றோம். ஆங்கிலப் பரீட்சை அந்த இளக்கத்தக் காட்டாது. நம்ம பிள்ளைங்க காதுக்கு இந்தத் தப்பு உறுத்தாமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன், அதனாலயே பேர் அந்த இடத்தத் தொடணும்.

என் பரிந்துரை 'முதல் தப்பிய அடை'; இங்க முதல்னா அந்த அடை சேர வேண்டிய ஆள் இல்ல பொருள். வினைமுதல்னு போடலாமான்னு யோசிச்சேன், ஆனா 'எ நேட்டிவ் ஆஃப் பினாங்'னு ஆரம்பிச்சுட்டுக் கமாவுக்குப் பின்னாடி 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஷாப்'னு வர்ற தப்புல முன்பகுதியில வினையே இல்லையே, அதனால வெறும் முதல். அடை தப்பான இடத்துல நிக்கிற 'மிஸ்பிளேஸ்ட்' வகைக்கு 'இடம் தப்பிய அடை'. ரெண்டையும் பிரிச்சே வைக்கணும், ஏன்னா வைத்தியம் வேற. இடம் தப்பினதுல சேர வேண்டிய சொல் வாக்கியத்துலயே இருக்கும், அடைய அது பக்கத்துல நகத்துன விடையத் தேடுனா போதும். முதல் தப்பினதுல அந்த ஆளே இல்ல. கமாவுக்குப் பின்னாடி கோடு போட்டிருந்தா அங்க சரியான எழுவாய் வர்ற விடையப் பாக்கணும், முன்னாடி போட்டிருந்தா 'வைல் ஐ வாஸ் வாக்கிங்'னு எழுவாயோட வர்ற விடையப் பாக்கணும்.

ஒரே வரிசையில வர்ற சொல்லுங்க எல்லாம் ஒரே வடிவத்துல இருக்கணும்கிற 'பேரலலிச'த்துக்கு யாழ்ப்பாண நண்பர் சொன்ன 'சமாந்தரம்' கணக்குக்கு நல்லாயிருக்கு, இங்க எனக்கு 'இணைநிலை' போதும், தப்பானா 'இணைநிலை வழு'. இது நன்னூல் ஏழுல அடங்காது, அடங்குற மாதிரி இழுத்துக் கட்டவும் வேணாம்.

பட்டர்வொர்த் பக்கம் வகுப்பு எடுக்கிற டீச்சர் இந்த மடல்ல இருக்கீங்கன்னு தெரியும். ஒரு வகுப்புல 'வாக்கியத் திருத்தம்', இன்னொரு வகுப்புல 'வழாநிலைத் தெரிவு'ன்னு சொல்லி அதே கேள்வித்தாளக் கொடுத்து, 'ஏ' சரியா இருக்கிற கேள்வியில எந்த வகுப்பு எப்படிப் பண்ணுதுன்னு பாத்து எழுதுங்களேன், அதுக்கப்புறம் இந்தப் பேர நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திக்கலாம்.